குழந்தையின் இதயத்தை எட்டாத உரிமை: அம்பேத்கரின் வாழ்வும் திருவள்ளூர்த் தொழிலாளரும்

1929ஆம் ஆண்டில் இரண்டு மருத்துவர்கள் செய்தவற்றை நாம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகர மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், தம் கையின் சிரை வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதை இதயத்தின் வலப்பக்க அறை வரை கொண்டுசென்று எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டார். உயிருள்ள மனிதரின் இதயத்தைக் குழாயால் எட்ட முடியும் என்று தம் உடலையே சான்றாக்கிக் காட்டினார்.

அதே ஆண்டு டிசம்பரில், கத்தியவார் பகுதியைச் சேர்ந்த தீண்டப்படாத சமூகத்து ஆசிரியர் ஒருவரின் கடிதம் காந்தியின் யங் இந்தியா இதழில் வெளியானது. பிள்ளை பெற்ற இரண்டாம் நாளே அவருடைய மனைவி நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் 2 ரூபாய் கட்டணத்துக்குப் பிணை நின்ற பிறகும், சேரிக்கு வெளியே கொண்டுவந்தால்தான் பார்ப்பேன் என்றார். தாயும் பச்சைக் குழந்தையும் வெளியே கொண்டுவரப்பட்டனர். மருத்துவர் வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வரிசையில் அது திரும்பிச் சென்றது. நிமோனியா என்று விளக்கொளியில் முடிவு சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

ஒரு மருத்துவர் இதயத்தையே எட்டிய ஆண்டில், இன்னொரு மருத்துவரின் கை ஒரு நோயாளியின் தோலைத் தொட மறுத்தது. இந்தக் கத்தியவார் நிகழ்வை மறக்காமல் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எடுத்து வைத்தவர் அண்ணல் அம்பேத்கர். அவருடைய வாழ்வை அரசமைப்புச் சட்டம், மதமாற்றம், பூனா ஒப்பந்தம் ஆகியவற்றின் வழியே நாம் பலமுறை படித்திருக்கிறோம். நோயுற்ற குழந்தைக்கு மருத்துவம் கிடைப்பது யாருடைய பொறுப்பு என்ற கேள்வியின் வழியே அதை ஒருமுறை படிப்பது இன்று தேவைப்படுகிறது. ஃபோர்ஸ்மானின் குழாயிலிருந்து வளர்ந்த சிகிச்சை, தாறுமாறாகத் துடிக்கும் குழந்தையின் இதயத்தைச் சில மணி நேரத்தில் சரிசெய்யும் அளவுக்கு முன்னேறிவிட்டது. திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்ச் சேரியில் பிறந்த குழந்தைக்கு அது கிடைக்குமா என்பது, அம்பேத்கர் தொழிலாளர் துறையில் இருந்தபோது உருவான ஓர் ஏற்பாட்டைப் பொறுத்திருக்கிறது.

பதினான்காவது பிள்ளை

1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் படைமுகாமில், சுபேதார் ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார் பீமாராவ். பதினான்கு பேரில் வளர்ந்து ஆளானவர்கள் ஐவர்: பலராம், ஆனந்தராவ், பீமாராவ் என மூன்று ஆண்கள், மஞ்சுளா, துளசி என இரண்டு பெண்கள். பீமாராவ் சிறுவனாக இருந்தபோதே தாயும் மறைந்தார். படையில் பணியாற்றிய, ஓரளவு வருமானம் உடைய மகர் குடும்பம் ஒன்றின் கணக்கு இது. நிலமும் வேலையும் இல்லாத குடும்பங்களின் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும், 1916இல் இலண்டனுக்கும் சென்றார். 1917இல் பரோடா அரசுப் பணிக்குத் திரும்பியபோது தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கி, கண்டுபிடிக்கப்பட்டு விரட்டப்பட்டார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, முனைவர் பட்டமும் வழக்கறிஞர் தகுதியும் பெற்று 1923இல் நாடு திரும்பினார். இந்த ஆண்டுகளில் அவர் குடும்பம் பம்பாய் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நிறைந்த குடியிருப்பில் இரண்டு அறைகளில் வாழ்ந்தது. வறுமையைத் தாங்கிக் குடும்பத்தை நடத்தியவர் ரமாபாய்.

ரமாபாய்க்கும் அம்பேத்கருக்கும் பிறந்த குழந்தைகள் ஐவர். யஷ்வந்த் மட்டுமே பிழைத்தார். கங்காதர், ரமேஷ், இந்து என்ற மகள், கடைசியாக இராஜரத்னா என நால்வரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். இராஜரத்னா இறந்தது 1926 ஜூலையில். உலகின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்களில் பயின்றவராக அப்போது அம்பேத்கர் இருந்தார். நான்கு பிள்ளைகளைப் புதைத்த துயரை நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் கொட்டினார். அதற்கு எட்டு மாதங்களுக்குப் பிறகு, 1927 மார்ச் 20 அன்று, மகத் நகரின் சௌதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிக் குடித்தார். குடிநீர், உறைவிடம், மருத்துவம் ஆகிய மூன்றும் மறுக்கப்பட்ட மக்களிடையேதான் குழந்தைச் சாவு மிகுந்திருந்தது. மகத் போராட்டத்தை மான உணர்வின் போராட்டமாக மட்டுமே பார்ப்பவர்கள் அதன் பாதியையே பார்க்கிறார்கள்.

சட்டமன்றத்தில் தாய்மார்

1927இல் பம்பாய் சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினராகப் பொறுப்பேற்ற அம்பேத்கர், 1928 ஜூலையில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிள்ளைப்பேற்றுக்கு முன்பும் பின்பும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது. ஆகவே அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும். பெண்ணின் உழைப்பால் ஆதாயம் அடையும் முதலாளியும் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். பம்பாய் பேறுகால உதவிச் சட்டம் 1929இல் நிறைவேறியது.

அந்த 1929ஆம் ஆண்டிலேயே அவர் உடலும் சாதிக்கு விலை கொடுத்தது. தீண்டப்படாதோரின் குறைகளை ஆராயும் குழுவின் உறுப்பினராகப் பயணம் செய்த அவர், சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். மகருக்கு வண்டி ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் முன்வரவில்லை. வண்டியைக் கொடுத்தார்கள், ஓட்ட மறுத்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவரே அதை ஓட்ட நேர்ந்தது. சிறு பாலம் ஒன்றில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கற்களின்மேல் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்து பல நாள்கள் முடங்கிக் கிடந்தார். நோய், காயம், விபத்து எல்லாம் இயற்கையின் செயல்கள் என்று சொல்லப்படுகின்றன. அவற்றுக்குப் பின்னால் யார் எந்த வண்டியை ஓட்ட மறுத்தார்கள் என்று கேட்க அவர் வாழ்க்கை நமக்குக் கற்றுத்தருகிறது.

1935 மே மாதம் ரமாபாய் மறைந்தார். அடுத்த ஆண்டு சுதந்திரத் தொழிலாளர் கட்சியை அம்பேத்கர் தொடங்கினார். 1938 நவம்பரில், தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கும் சட்டத்துக்கு எதிராகப் பம்பாயில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் பொதுவுடைமையரோடு தோள்சேர்ந்து நின்றார்.

தொழிலாளர் துறை உறுப்பினர்

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1946 வரை அப்பொறுப்பில் இருந்த நான்கு ஆண்டுகள், அவர் வரலாற்றில் குறைவாகப் பேசப்படுபவை. பொறுப்பேற்ற அடுத்த மாதமே அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்திய முத்தரப்பு மாநாட்டைத் தில்லியில் நடத்தினார். தொழிற்சாலை வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. ஊதியத்துடன் கூடிய விடுப்பு சட்டமானது. நிலக்கரி, மைக்கா சுரங்கத் தொழிலாளருக்கு நலநிதிகள் உருவாயின.

1943 மார்ச்சில், தொழிலாளருக்கு நலக்காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் பி. பி. அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944 ஆகஸ்டில் அவர் அறிக்கையைத் தந்தார். முதலாளியும் தொழிலாளியும் பங்களிக்கும் கட்டாயக் காப்பீடு அதன் அடித்தளம். 1946 நவம்பரில் மசோதாவை அவையில் கொண்டுவந்தவர், ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த இன்னொரு தலைவரான ஜகஜீவன் ராம். 1948 ஏப்ரல் 19 அன்று தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. நம் ஊர்களில் இ.எஸ்.ஐ. என்று எல்லோருக்கும் தெரிந்த திட்டம் அதுவே. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் தொழிலாளிக்கு மட்டும் கிடைத்த மருத்துவ உதவி, பின்னர் அவர் குடும்பத்துக்கும் விரிந்தது.

இந்தச் சட்டம் ஒருவரால் மட்டும் உருவானதன்று. அறிக்கை எழுதியவர் ஒருவர், மசோதா கொண்டுவந்தவர் ஒருவர், அதற்கு முன்பே கேட்டுப் போராடிய தொழிற்சங்கங்கள் பல. திட்டத்தை வகுக்கும் வேலை அம்பேத்கரின் துறையில்தான் வடிவம் பெற்றது என்பது வரலாறு. அதன் உட்பொருளை நாம் மறந்துவிடக் கூடாது. கத்தியவார் ஆசிரியர் ஊர்ப் பெரியவரிடம் கெஞ்சிப் பிணை கேட்க வேண்டியிருந்தது. காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தொழிலாளி யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அவர் கூலியிலிருந்து ஒரு பங்கு பிடிக்கப்படுகிறது. முதலாளி அதைவிடப் பெரிய பங்கைச் செலுத்துகிறார். ஆகவே மருத்துவம் அவருக்கு உரிய கடனாகிறது. கருணையாக இருந்ததைக் கணக்காக மாற்றியதே அச்சட்டத்தின் சாதனை.

சட்டம் பிறப்பதற்கு நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 15 அன்று, அம்பேத்கர் மருத்துவர் சாரதா கபீரை மணந்தார். நீரிழிவாலும் நரம்பு வலியாலும் அப்போது கடுமையாகத் துன்புற்றுக்கொண்டிருந்தார். அந்த உடல்நிலையோடுதான் அரசமைப்பு வரைவுக் குழுவை நடத்தினார். பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் தலையாய கடமை என்ற 47ஆம் உறுப்பும், உயிர் வாழும் உரிமையைக் காக்கும் 21ஆம் உறுப்பும் அவ்வாவணத்தில் இடம்பெற்றன. பிற்காலத்தில் 1995இல் உச்ச நீதிமன்றம் தொழிலாளியின் உடல்நலத்தை 21ஆம் உறுப்பின் பகுதியாக அறிவித்தது. உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தர அரசு மருத்துவமனை தவறினால் அதே உறுப்பு மீறப்படுகிறது என்று 1996இல் தீர்ப்பளித்தது.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், டிசம்பர் 6 அன்று தில்லியில் உறக்கத்திலேயே மறைந்தார். மறுநாள் பம்பாய் தாதர் கடற்கரையில் பெருந்திரளான மக்கள் சூழ உடல் எரியூட்டப்பட்டது. மூன்று நாள்கள் கழித்து, டிசம்பர் 10 அன்று, ஸ்டாக்ஹோமில் இதயத்துக்குள் குழாய் செலுத்தியமைக்காக ஃபோர்ஸ்மானும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஃபோர்ஸ்மான் இடையில் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். அறிவியல் தானாகவே நீதியைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

குழாய் வந்துசேர்ந்த இடம்

1982இல் அமெரிக்க மருத்துவர்கள் அக்குழாயின் வழியே மின்னாற்றலைச் செலுத்தி, இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையைத் துண்டித்தனர். சில ஆண்டுகளில் ரேடியோ அலை ஆற்றலால் வெப்பமூட்டும் முறையும், பின்னர் உறைய வைக்கும் முறையும் வந்தன. அப்லேஷன் என்று அழைக்கப்படும் இச்சிகிச்சை இன்று குழந்தைகளுக்கும் செய்யப்படுகிறது.

நோயை எளிதாகச் சொல்லலாம். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்துடிப்பு போக ஒரே வழி இருக்க வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு வழி இருக்கும். துடிப்பு அவ்விரு வழிகளிலும் சுற்றிச் சுழலத் தொடங்கினால், கைக்குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 220 முறைக்கு மேலும், வளர்ந்த குழந்தையின் இதயம் 180 முறைக்கு மேலும் துடிக்கும். கைக்குழந்தை பால் குடிக்க மறுக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும். பள்ளி செல்லும் பிள்ளை நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும். சில வேளை மயங்கி விழும். சற்று நேரத்தில் தானே அடங்கியும் விடலாம். பயந்துவிட்டது என்று மந்திரிக்கிறார்கள், வெயில் என்கிறார்கள். படபடப்பு இருக்கும்போதே இ.சி.ஜி. எடுத்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

கைக்குழந்தைகள் பலருக்கு ஓராண்டுக்குள் இது அடங்கிவிடும். அதுவரை மருந்து போதும். நோய் நீடித்தால், பிள்ளை ஓரளவு வளர்ந்த பிறகு, தொடை இடுக்கின் சிரை வழியே நுண்குழாய்களைச் செலுத்திக் கூடுதல் வழியைக் கண்டுபிடித்துச் சுட்டுவிடுகிறார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. பரவலாகக் காணப்படும் வகைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டிய பிள்ளை, ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். தேவைப்படுபவை மூன்று: நோயை அடையாளம் காணும் மருத்துவர், அதற்குரிய ஆய்வுக்கூடம், செலவை ஏற்கும் காப்பீடு.

திருப்பாச்சூரில் அறுபடும் கண்ணி

முதலிரண்டும் சென்னையில் இருக்கின்றன. திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் ஓடுகிறது. அறுபடுவது மூன்றாவது கண்ணி.

திருப்பாச்சூர், மணவாள நகர், காக்களூர் சிட்கோ முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை, விடியலில் ஷிப்ட் வண்டி ஏறும் தொழிலாளரில் கணிசமானோர் தலித்துகள். அவர்களில் பலர் ஆலையின் பெயரில் வேலை செய்வதில்லை. கான்ட்ராக்டரின் பெயரில் செய்கிறார்கள். கான்ட்ராக்டர் மாறினால் இ.எஸ்.ஐ. எண்ணும் மாறுகிறது, அல்லது இல்லாமலே போகிறது. சம்பளச் சீட்டே தரப்படாத இடங்களும் உண்டு. கூலியில் பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பது பிள்ளை நோயுற்று மருத்துவமனைக்குப் போகும்போதுதான் தெரியவருகிறது. செங்கல் சூளைகளில் பருவ வேலை செய்வோர் பெரும்பாலும் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால் என்றிருந்த வரம்பு, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் ஆண்டு வருமானம் 1,44,000 ரூபாய். வருமானச் சான்றிதழில் உண்மை எழுதப்பட்டால் அவருக்கு அந்த அட்டை கிடைக்காது. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை வாங்குவோரைச் சேர்க்க 2017இலேயே விதி வகுத்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் அவர் இருந்தாக வேண்டும்; கான்ட்ராக்டர் அவரைச் சேர்க்கவில்லை. ஒரு திட்டத்துக்கு அவர் அதிகம் சம்பாதிப்பவர். இன்னொரு திட்டத்தின் பதிவேட்டில் அவர் இல்லவே இல்லை. இந்த இடைவெளியில்தான் பிள்ளையின் சிகிச்சை கந்துவட்டிக் கடனாக மாறுகிறது.

சட்டம் இதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(9) பிரிவு, ஒப்பந்தக்காரர் வழியாக ஆலை வேலைக்கு அமர்த்தப்பட்டவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. அவருக்கான பங்களிப்பை முதன்மை முதலாளியே முதலில் செலுத்த வேண்டும் என்றது 40ஆம் பிரிவு. ஒப்பந்தக்காரரிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவது முதலாளியின் பாடு. முதலாளி கட்டத் தவறியதால் தொழிலாளி தகுதி இழந்தால், கழகம் உதவியை வழங்கிவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம் என்றது 68ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தன்னுள் இணைத்துக்கொண்டுள்ளது. ஒப்பந்தத் தொழிலாளரையும் உள்ளடக்கும் அந்த அடிப்படையை எவரும் கரைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது தொழிற்சங்கங்களின் முன்னும் நம் முன்னும் உள்ள வேலை.

ஆகவே நாம் கேட்பவை பெரியவை அல்ல. ஒவ்வோர் ஆலை வாயிலிலும் ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலும் அவர்களின் இ.எஸ்.ஐ. எண்களும் எழுதி ஒட்டப்பட வேண்டும். பங்களிப்பு நிலுவை காரணமாக எந்தக் குழந்தையின் சிகிச்சையும் நிறுத்தப்படக் கூடாது. நிலுவையை வசூலிப்பது கழகத்தின் வேலை. மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் படபடப்போடு வரும் குழந்தைக்கு உடனே இ.சி.ஜி. எடுக்கும் வழக்கம் உறுதியாக வேண்டும். இரண்டு காப்பீட்டுக்கும் நடுவில் விழும் குடும்பங்களை மாநில அரசு தன் திட்டத்தில் ஏற்க வேண்டும்.

தோழர்கள் இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, பிடித்த தொகை எழுதப்பட்டிருக்கிறதா, வீட்டுக் குழந்தைகளின் பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ இன்றே வாருங்கள். பிள்ளை நோயுற்ற பிறகு வராதீர்கள். அம்பேத்கரின் படம் நம் தெருக்களில் எல்லாம் இருக்கிறது. நான்கு பிள்ளைகளைப் புதைத்த அந்தத் தந்தை தம் துறையில் தொடங்கிவைத்த காப்பீடு, அத்தெருவின் வீடுகளுக்குள்ளும் இருக்க வேண்டும்.